கால் பழகிய மலை

ரெஃபிக்கை யாவோரக் மலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வீர்கள், எங்கள் ஊரில் அதற்கு ஆள் பஞ்சமில்லை.

ரெஃபிக் என் கணவன், கண்ணிவெடி எடுப்பவன். எங்கள் நாட்டில் சண்டை முடிந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கையில் ஒரு தொழிலும் இல்லை, பஸ் நிலையத்தில் சிகரெட் விற்றுக்கொண்டிருந்தான். யாரோ பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், போனான். அன்றிலிருந்து வெளியூர்தான், வெளிநாடுதான். குரோஷியா எல்லை, லெபனான், அங்கோலா, லிபியா. ஆறு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. எங்கள் மகள் ஐனா பேசக் கற்றபோது 'அப்பா' என்று சொல்லிப் போனைத்தான் காட்டினாள். வீட்டுக்கு வந்தவனைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

தினமும் வேலை முடிந்ததும் ஐந்து மணிக்குக் கூப்பிடுவான். ஐந்து பத்து ஆனால் நான் சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பேன். ஐந்தரை ஆனால் ஜெர்மனியிலிருக்கும் என் தம்பிக்கு யார் தகவல் சொல்வது, அடக்கத்துக்கு அவன் வந்துசேர எத்தனை மணி நேரமாகும் என்பது வரைக்கும் போய்விடுவேன். அப்போது போன் அடிக்கும். 'வண்டி பஞ்சர்' என்பான். பத்து நிமிஷம் திட்டுவேன். பாவம், வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்வான். பதினேழு வருடம் இப்படித்தான் போயிற்று. பயத்துக்குப் பழகிவிடலாம் என்று சொல்பவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

போன வருடம் வசந்தத்தில், எங்கள் ஊருக்குப் பின்னாலிருக்கும் யாவோரக் மலையில் கண்ணிவெடிகளை எடுத்துச் சுத்தம் செய்யப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. இருபத்து மூன்று வருடமாக மண்டையோட்டுப் பலகையோடு நின்ற மலை. அதே வாரம் ஈராக்கிலிருந்து ரெஃபிக்குக்கு ஒப்பந்தக் கடிதமும் வந்தது. அதை மேஜையில் வைத்துவிட்டுக் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"ஈராக் போறேன்" என்றான்.

"வீட்டுக்குப் பின்னாடி வேலை இருக்கு. நடந்து போய் நடந்து வரலாம். உனக்கு ஈராக் கேக்குதா?"

"சம்பளம் அங்க மூணு மடங்கு."

"பொய் சொல்லாதே. சம்பளத்துக்காகப் போறவன் மூஞ்சி இப்படி இருக்காது."

கரண்டியைக் கீழே வைத்தான். "சொந்த ஊர்ல வேண்டாம், மெவ்லிதா. எங்க ஆளுங்க யாரும் செய்ய மாட்டாங்க."

"ஏன்?"

"செய்ய மாட்டாங்க, அவ்வளவுதான்."

ஓட்டுநர்கள் கண்ணாடியில் பாசிமணி தொங்கவிடுகிற மாதிரி இவர்களுக்கும் ஏதோ ஒரு நம்பிக்கை என்று நினைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. மறுநாளே மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருந்த ஸ்லாவ்கோவைப் பார்க்கப் போனேன். அவர்தான் குழுத் தலைவர். சண்டைக் காலத்தில் இதே மலையின் அந்தப் பக்கத்தில், எங்கள் ஆட்களை நோக்கிச் சுட்டுக்கொண்டிருந்தவர். ரெஃபிக்கும் அவரும் லெபனானில் ஒரே அறையில் இரண்டு வருடம் இருந்தவர்கள். ஊருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை.

"ரெஃபிக்கைச் சேர்த்துக்கங்க" என்றேன்.

"அவன் கேட்டானா?"

"நான் கேக்கறேன்."

"இந்த மலையில அவன் வேண்டாம்மா. என் ஊர்ப் பக்கத்துல வேலை வந்தப்ப நானே ஒதுங்கிட்டேன். வேற குழுவை விட்டுத்தான் எடுத்தோம்."

"உங்களுக்குக் குடும்பம் துஸ்லாவுல, வாராவாரம் போய்ப் பாக்கறீங்க. என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு. அவ அப்பனோட சேர்ந்தாப்பல எத்தனை நாள் இருந்தான்னு எண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். கேட்டதோடு விடவில்லை, அழுதும் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். கடைசியில் சரி என்றார். ரெஃபிக்கிடம் வந்து, "ஸ்லாவ்கோவே உன்னைக் கூப்பிடறார்" என்று சொன்னேன். அதை அவன் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஐனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஈராக் கடிதத்தை மடித்து டிராயரில் வைத்தான்.

இனிமேல் நிம்மதி என்று நினைத்தேன். அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

நான் வேலை செய்யும் ரொட்டிக்கடையின் பின்ஜன்னல் மலையைப் பார்த்திருக்கிறது. முன்பெல்லாம் ஐந்து மணிக்குத்தான் பயம். இப்போது காலை ஏழிலிருந்தே. மாவைப் பிசைந்துகொண்டே பார்ப்பேன். பச்சைக்கு நடுவே, தாண்டக்கூடாது என்று கட்டிய சிவப்பு நாடாக்கள், நாடாக்களுக்கு நடுவே மண்டியிட்ட நீல உருவங்கள். எல்லோரும் ஒரே அங்கி, ஒரே முகக்கண்ணாடி. எது என்னுடையது என்று தெரியாது. எடுத்த வெடிகளை மதியம் ஒரு மணிக்கு வெடிக்கவைப்பார்கள். அதற்கு முன்பு மூன்று முறை சங்கு ஊதும். ஊதிய பிறகு வெடித்தால் அது அவர்கள் வெடித்தது. ஊதாமல் வெடித்தால் அது மனிதன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஊரே தெரிந்துவைத்திருந்தது. ஒரு மணிக்குச் சங்கு ஊதும்போது கடையில் வரிசையில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சில்லறையைத் தப்பாகக் கொடுப்பேன்.

இது போதாதென்று ஊர்க்காரர்கள் வேறு. அங்கோலாவில் அவனை யாருக்கும் தெரியாது. இங்கே நாடாவுக்கு வெளியே நின்றுகொண்டு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அதில் முதல் ஆள் ஹம்தியா மாமா. எழுபது வயது. சண்டையில் அந்த மலையில் காவல் இருந்தவர், எங்கள் ஆட்கள் வைத்த வெடிகளில் பாதியை அவரே புதைத்தவர். அவருடைய புல்வெளி மேலே கிடந்தது. தினமும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நாடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

"டேய் ரெஃபிக், அங்க என்னத்தடா நோண்டறே? அங்க நான் ஒண்ணும் வைக்கல."

"நீங்க வைக்கலேன்னா வேற யாராவது வச்சிருப்பாங்க, மாமா."

"இப்படிச் சாணுக்கு ஒரு தரம் தரையில ஊசி குத்திப் பாத்துக்கிட்டிருந்தா என் புல்வெளிக்கு என் பேரன்தான் போவான். ஊத்துப் பாதையை விட்டுத் தள்ளு. அதுல கிடையாது. மூணு வருஷம் நாங்கதான் அதுல தண்ணி தூக்கினோம்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஊற்றுப் பாதையில் கிடையாது. எங்கள் ஊரில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். சின்ன வயதில் பள்ளி விட்டதும் பையை எறிந்துவிட்டு அந்த ஊற்றுக்குத்தான் ஓடுவோம். ரெஃபிக்கை நான் முதன்முதலில் தள்ளிவிட்டது அங்கேதான். பல்லை உடைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் மணிக்கு வெடித்தது. சங்கு ஊதவில்லை.

கடையில் ஒருவரும் அசையவில்லை. ஒரு கிழவி கையிலிருந்த ரொட்டியை மெதுவாக மேஜையில் வைத்தாள். ஓடினேன். மாவுக் கையோடு, கடைச் செருப்போடு. தெருவில் யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். கால்தான் இருக்காது, உயிர் இருக்கும், கால் போனால் போகட்டும், உயிர் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் திரும்பி, வேலியைத் தாண்டி, ஆப்பிள் மரங்களுக்கு நடுவே ஏறினேன். முன்னால் என்னவோ சிவப்பாகக் குறுக்கே வந்தது. கையால் தூக்கினேன்.

"நில்லு. அப்படியே நில்லு."

ஸ்லாவ்கோவின் குரல். அப்படி ஒரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. நின்றேன். கீழே பார்த்தேன். நாடா என் கையில் இருந்தது. ஒரு கால் நாடாவுக்கு அந்தப் பக்கம். ஊற்றுப் பாதையில்.

"அந்தக் காலை எடுத்த இடத்துலேயே திருப்பி வை. கீழ பாக்காதே, என்னைப் பாரு. வை."

வைத்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, வெடித்தது மலைக்கு அப்பால் ஒரு கல்குவாரி. யாரிடமும் சொல்லாமல் பாறையைத் தகர்த்திருக்கிறார்கள். ரெஃபிக் முகக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முழுசாக வந்தான், இரண்டு காலோடு. என்னைக் கட்டிக்கொள்வான் என்று பார்த்தால், எல்லோர் முன்னாலும் கத்தினான்.

"உனக்கு அறிவிருக்கா? பதினேழு வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தியிருக்கே. சிவப்பு நாடான்னா என்னன்னு தெரியாதா?"

தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? பெரிய சாலை வழியாக வந்திருந்தால் இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டேன். நான் யோசித்து அந்தப் பக்கம் வரவில்லை. கால் திரும்பியது, நான் கூடப் போனேன்.

அன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து மிளகாய் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தோம். ஐனா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அவன் வெகுநேரம் ஒரே மிளகாயை வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"காலையில உன்னைத் திட்டினேன்ல" என்றான்.

"திட்டவேண்டியதுதான்."

"எனக்கு அதுக்கு யோக்கியதை இல்ல." குரலைத் தாழ்த்தினான். "போன வெள்ளிக்கிழமை பத்து நிமிஷ ஓய்வு விட்டாங்க. தலைக்கவசத்தைக் கழட்டி வச்சேன். நல்ல வெயில். தாகமா இருந்துது. எழுந்து போய் ஊத்துல தண்ணி குடிச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த ஊத்துல?"

"எந்த ஊத்து இருக்கு நமக்கு?"

கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டேன்.

"நாடாவைத் தூக்கினது நினைவில்ல. நடந்தது நினைவில்ல. குனிஞ்சு ரெண்டு கையிலயும் தண்ணி அள்ளிக் குடிக்கறேன், அப்பதான் பாக்கறேன், கையில வெடி தேடற கருவி இல்ல. திரும்பிப் பாத்தா நாடா பதினோரு அடி பின்னால இருக்கு. எல்லாரும் முதுகைக் காட்டி உக்காந்திருக்காங்க. ஒருத்தனும் பாக்கல." மிளகாயைத் தட்டில் போட்டான். "புல்லு மடங்கியிருந்த இடத்துலேயே கால் வச்சு வந்தேன். பதினோரு அடிக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு சொன்னா நீ நம்ப மாட்டே."

"கிடையாதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க" என்றேன். எனக்கே என் குரல் முட்டாள்தனமாகக் கேட்டது.

"அங்கோலாவுல ஒருத்தன் கிடையாதுன்னு சொன்னா நான் கேப்பேனா? அங்க கக்கூஸுக்குப் போகக்கூட ரெண்டு தரம் தரையைப் பாப்பேன். இங்க காலையில வீட்டுலேர்ந்து கிளம்பறப்பவே ஊர்ல இருக்கற நினைப்புதான், பயமே வரல. அதுக்காகத்தான் சொன்னேன், வேண்டாம்னு." அவன் கை நடுங்கியது. பதினேழு வருடத்தில் அவன் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அந்தக் கையை வைத்துத்தான் எங்களுக்குச் சோறு.

அன்று இரவு முழுதும் அந்தப் பதினோரு அடியை நான் நடந்துகொண்டே இருந்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினான். விடிந்ததும் கடைக்குப் போகாமல் கூடாரத்துக்குப் போனேன்.

"அவனை இங்கேர்ந்து அனுப்பிடுங்க" என்றேன்.

ஸ்லாவ்கோ காப்பியைக் கீழே வைத்தார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகறதுக்குள்ள அனுப்பிடுங்க."

என்னை உற்றுப் பார்த்தார். "நாடாவைத் தாண்டி எத்தனை அடி?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அவன் உரிமத்தைப் பிடுங்கினாலும் பிடுங்கிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "பதினொண்ணு" என்றேன்.

அவர் திட்டவில்லை. வண்டியின் படியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பிறகு, "என் மேலயும் தப்பு. நீங்க அழுததும் நான் இளகிட்டேன்" என்றார். அன்றே ரெஃபிக்கை மலையிலிருந்து இறக்கினார். பதினைந்து நாள் மறுபடியும் பயிற்சி மையத்தில் புது ஆள் மாதிரி உட்கார்ந்து தேர்வு எழுதவேண்டும், தேறினால் ஈராக், தேறாவிட்டால் வேலையே கிடையாது என்றார்.

ரெஃபிக் என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீயே இழுத்துக்கிட்டு வந்தே, நீயே துரத்தறே. நான் என்ன ஹம்தியா மாமா ஆடா?" என்று ஒரு முறை கேட்டான். அதோடு சரி. ஐனா என்னிடம் கேட்டது இன்னும் மோசம். "அப்பா இங்க இருந்தா உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்றாள். அவளிடம் எதைச் சொல்வது? சொன்னால் அவளும் என்னைப் போல ஜன்னலில் நிற்க ஆரம்பிப்பாள். வாயை மூடிக்கொண்டேன். செப்டம்பரில் அவன் தேர்வில் தேறிக் கிளம்பினான். மறுபடியும் ஐந்து மணிப் போன்.

அக்டோபர் கடைசியில், மழை பிடிப்பதற்கு முன் ஒரு மதியம், ஸ்லாவ்கோ ரொட்டிக்கடைக்கு வந்தார். வேலை நேரத்தில் வந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார்.

அவருடைய கூடாரத்துக்கும் ஈராக்குக்கும் ஒரே தலைமை அலுவலகம்தான். அங்கே ஏதாவது ஆனால் வீட்டுக்கு வந்து சொல்ல ஊரில் இருக்கும் ஆளைத்தான் அனுப்புவார்கள்.

"ஒரு காலா, ரெண்டு காலா?" என்று கேட்டேன்.

"அவன் நல்லா இருக்கான். சத்தியமா நல்லா இருக்கான். உட்காருங்கம்மா." என்னை மாவு மூட்டை மேல் உட்காரவைத்தார். அவரும் எதிரே குந்தினார். "இன்னைக்கு ஊத்துப் பாதையைத் திறந்தோம். நீங்க தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு."

மாவுக் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டேன்.

"நாடாவிலேர்ந்து எட்டாவது அடியில ஒண்ணு. ஓரத்துல இல்ல, பாதைக்கு நடுவுல. வேலை செய்யற நிலைமையிலதான் இருந்துது. அவன் அதைத் தாண்டித்தான் போயிருக்கணும். போறப்ப ஒரு தரம், வர்றப்ப ஒரு தரம்."

"அதுல கிடையாதுன்னாங்களே."

"உங்க ஆளுங்க வைக்கல." தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "எங்க ஆளுங்க வச்சது. சண்டையோட கடைசி வருஷம், உங்க காவலைப் பின்னால தள்ளினப்ப. நீங்க தண்ணிக்கு வர்ற வழின்னு தெரிஞ்சுதான் வச்சிருப்பாங்க." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவரிடம் வேறெதுவும் நான் கேட்கவில்லை. ஒரு மணிக்குச் சங்கு ஊதி அதை வெடிக்கவைத்தார்கள். மற்ற நாள் சத்தத்தைவிட அது பெரிதாக இல்லை.

ஐந்து மணிக்குச் சரியாகப் போன் அடித்தது. ஐனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். போனை மேஜையில் வைத்துச் சத்தமாகப் போட்டேன்.

"மெவ்லிதா, ஒரு சேதி" என்றான் ரெஃபிக். குரலில் சிரிப்பு இருந்தது. என் மேலிருந்த வருத்தம் தீர்ந்திருந்தது. "மார்ச்சுல இங்க முடியுது. இன்னொரு வருஷம் இருக்கியான்னு கேக்கறாங்க. இன்னைக்கே பதில் சொல்லணும். எனக்குப் போதும்னு இருக்கு. மார்ச்சுல மலையிலயும் மறுபடி ஆரம்பிப்பாங்க. நான் இப்ப ஒழுங்காயிட்டேன், ஸ்லாவ்கோகிட்ட நானே பேசிக்கறேன். நீ வான்னு ஒரு வார்த்தை சொல்லு, வந்துடறேன்."

ஐனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண் விரிந்திருந்தது.

அவனிடம் சொல்லிவிடலாம். எட்டாவது அடி, பாதைக்கு நடுவில், இரண்டு தரம் தாண்டினாய் என்று சொன்னால் அவனே வர மாட்டான். ஆனால் நாளைக் காலை ஏழு மணிக்கு அவன் மண்ணில் மண்டியிடவேண்டும். அப்போது கை நடுங்கக்கூடாது. இங்கே வந்தாலும் பயம், அங்கே இருந்தாலும் பயம். அங்கே இருந்தால் அவனும் சேர்ந்து பயப்படுவான், தரையைப் பார்த்துக் கால் வைப்பான். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

"வராதே" என்றேன்.

ஏன் என்று அவன் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

ஐனா எழுந்து உள்ளே போய் அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். நான் போய்க் கதவைத் தட்டினேன். அவள் திறக்கவில்லை.